த்ராபானி பிர்ஜி விமான நிலையத்தில் வாடகைக் கார்: நாலு நாள் மேற்கு சிசிலி

ரைன்நதி · ஏப்ரல் 4, மாலை

அண்ணா, மே கடைசியில நாலு நாள் இத்தாலியோட சிசிலித் தீவுக்குப் போறோம். ஜெர்மனியில இருந்து நேரா த்ராபானி பிர்ஜி. நான், மனைவி, அப்பா, அம்மா, மூணு வயசுப் பையன். விமானம் ராத்திரி 10:20க்கு இறங்குது. இடைத்தரகர் தளத்துல எக்கானமி கார் ஒண்ணு பதிவு பண்ணி, அவங்களோட முழுக் காப்பீட்டையும் சேர்த்து வாங்கிட்டேன். சின்ன ஏர்போர்ட், கூட்டம் இருக்காது, இறங்கின அஞ்சு நிமிஷத்துல சாவி கையில வந்துடும்னு நினைக்கிறேன். பலெர்மோ, அக்ரிஜெந்தோ, எட்னா எரிமலை எல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்ல?

உப்புக்காற்று · ஏப்ரல் 4, இரவு

தம்பி, முதலில் சாவி விஷயம். சின்ன விமான நிலையத்தில் கூட்டம் இருக்காது என்று நம்ப வேண்டாம். அங்கே வந்திறங்கும் போயிங் 737 விமானம் ஒன்றில் 189 இருக்கை. அத்தனை பேரும் ஒரே கதவு வழியாக, ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். வாடகை மேசையில் இரவு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார். உரிமம் சரிபார்த்து, அட்டையில் பணம் பிடித்து வைத்து, கையெழுத்து வாங்க ஒரு குடும்பத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும். உங்களுக்கு முன்னால் ஆறு பேர் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பெரிய நிலையத்தில் ஆறு மேசை திறந்திருக்கும், இங்கே இருக்காது.

அதனால் மற்றவர்கள் பெட்டிக்காக நிற்கட்டும். நீங்கள் மட்டும் கைப்பையோடு நேராக மேசைக்குப் போங்கள்.

அதைவிட முக்கியம், மேசை மூடும் நேரம். பதிவுச் சீட்டில் 'நிலைய வேலை நேரம்' என்று ஒரு வரி இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள். 23:00 என்று போட்டிருந்தால், 10:20 விமானம் அரை மணி தாமதித்தாலே விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடலாம். பதிவில் விமான எண்ணைக் குறிப்பிட்டிருந்தால் காத்திருப்பார்கள், ஆனால் எவ்வளவு நேரம் என்பதும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விமான எண் இல்லாத பதிவை 'வரவில்லை' என்று ரத்து செய்து, கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்வார்கள். எண்ணைப் பின்னால் சேர்க்கலாம், இடைத்தரகருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

எட்னாவை விட்டுவிடுங்கள். தீவின் மறுகோடி அது, ஒரு வழிக்கே 300 கிலோமீட்டருக்கு மேல்.

உப்புக்காற்று · ஏப்ரல் 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். உங்கள் மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் அவரும் உரிமத்தோடு மேசைக்கு வர வேண்டும். கூடுதல் ஓட்டுநரின் பெயரை அவர் நேரில் இல்லாமல் ஒப்பந்தத்தில் சேர்க்க மாட்டார்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் வண்டிச் சேதத்துக்கான காப்பீடு செல்லாது. அப்பா அம்மா பெட்டியையும் பையனையும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெர்மன் உரிமம் உள்ளவருக்கு வேறு தாள் எதுவும் தேவையில்லை. இந்திய உரிமம் மட்டும் உள்ளவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை ஊரிலேயே வாங்கி, இரண்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். புத்தகம் தனியாகச் செல்லாது, உரிமத்தோடு சேர்த்தால்தான் மதிப்பு.

உரிமத்தின் பின்பக்கம் 78 என்ற குறியெண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தானியங்கி கியர் மட்டும்தான் ஓட்டலாம். சிசிலியில் கேட்காமல் கொடுப்பதெல்லாம் கை கியர் வண்டி. சின்ன நிலையத்தில் தானியங்கி இரண்டோ மூன்றோதான் இருக்கும், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.

ரைன்நதி · ஏப்ரல் 5

78 இல்ல அண்ணா. விமான எண் சேர்த்தாச்சு. சீட்டுல '23:30 வரை'ன்னு இருக்கு. பிணைத்தொகை 1,500 யூரோன்னு போட்டிருக்கு. முழுக் காப்பீடு எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குப் பிணை? என்கிட்ட வங்கி கொடுத்த விசா அட்டை இருக்கு, சம்பளக் கணக்கோட சேர்ந்தது.

உப்புக்காற்று · ஏப்ரல் 5

சம்பளக் கணக்கோடு சேர்ந்தது என்கிறீர்கள், அங்கேதான் பிரச்சினை. அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ பொடி எழுத்தில் 'டெபிட்' என்று இருந்தால், பல நிறுவனங்களின் மேசையில் அது கடன் அட்டை ஆகாது. ஜெர்மனியில் இப்போது பல வங்கிகள் கணக்கோடு தருவது இந்த டெபிட் விசாதான். வெறும் 'விசா' என்ற முத்திரையை நம்பிப் போனால் மேசையில் சாவி கிடைக்காது, கட்டிய வாடகையும் திரும்பாது. அட்டையில் இருக்கும் பெயர் முதல் ஓட்டுநரின் பெயராகவே இருக்க வேண்டும். மனைவியின் அட்டை, அப்பாவின் அட்டை எதுவும் உதவாது.

முழுக் காப்பீடு இருந்தும் எதற்குப் பிணை என்றால், நீங்கள் வாங்கியது இடைத்தரகரின் காப்பீடு. அது பணத்தைப் பிற்பாடு திருப்பித் தரும் வகை. கார் நிறுவனத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வண்டியில் சேதம் என்றால் 'ஃப்ரான்கீஜா' எனப்படும் உங்கள் பொறுப்புத் தொகையின் எல்லை வரைக்கும் நிறுவனம் உங்கள் அட்டையில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தாள்களைச் சேர்த்து இடைத்தரகரிடம் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மேசையில் "உங்கள் காப்பீடு இங்கே செல்லாது, எங்களுடையதை வாங்குங்கள்" என்பார்கள். அந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை, ஏனென்றால் அது அவர்கள் விற்றதில்லை. இரண்டாம் பாதி கட்டாயம் இல்லை. 1,500 யூரோ பிடித்து வைக்க அட்டையில் இடம் இருந்தால் "வேண்டாம், பிணை பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். அட்டையின் மொத்த வரம்பைப் பார்க்காதீர்கள், அன்று மீதியிருக்கும் வரம்பைப் பாருங்கள். ஹோட்டலும் அதே அட்டையில் பிடித்து வைத்திருந்தால் இங்கே மறுக்கப்படும். வண்டியைக் கொடுத்த பிறகு பிடிப்பு விலகச் சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை ஆகலாம்.

லண்டன், சுவிஸ் அட்டைக்காரர்கள் கவனத்துக்கு: இயந்திரம் "உங்கள் நாணயத்தில் கட்டவா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் மோசம்.

உப்புக்காற்று · ஏப்ரல் 5, இரவு

டெபிட் அட்டை மட்டுமே இருந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சில நிறுவனங்கள் மேசையில் விற்கும் தங்கள் சொந்த முழுக் காப்பீட்டை வாங்கினால் டெபிட்டை ஏற்கும், பிணையும் சிறிதாகும். அந்த வழியில் போவதென்றால் இடைத்தரகர் காப்பீட்டைப் பயணத்துக்கு முன்பே ரத்து செய்யுங்கள். வண்டி எடுக்கும் நேரம் வரை பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், எடுத்த பிறகு தர மாட்டார்கள். இரண்டுக்கும் பணம் கட்டுவது வீண்.

இடைத்தரகர் காப்பீட்டை வைத்துக்கொண்டால், அதில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, கிளட்ச், தொலைந்த சாவி இவை ஒவ்வொன்றும் உண்டா என்று தேடிப் பாருங்கள். நிறுவனத்தின் அடிப்படைக் காப்பீடு பெரும்பாலும் உடற்பாகத்துக்கு மட்டும்தான், இந்த ஆறும் வெளியே நிற்கும். தவறான எரிபொருள் ஊற்றியது பெரும்பாலும் எதிலும் சேராது.

ரைன்நதி · ஏப்ரல் 6

டெபிட்தான் அண்ணா! நல்ல வேளை. கடன் அட்டைக்கு விண்ணப்பிச்சுட்டேன், மூணு வாரத்துல வந்துடும்னு சொல்றாங்க. எக்கானமி வண்டி அஞ்சு பேருக்குப் போதுமா?

உப்புக்காற்று · ஏப்ரல் 6

போதாது. படத்தில் எந்த வண்டி இருந்தாலும் அதற்குக் கீழே நாலெழுத்துக் குறி ஒன்று இருக்கும், அதைப் படியுங்கள். முதல் எழுத்து அளவு, இரண்டாவது உடல்வகை, மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் ஏசியும். 'ஈ டி எம் ஆர்' என்றால் எக்கானமி, நாலைந்து கதவு, கை கியர், ஏசி உண்டு. மூன்றாவது எழுத்து 'ஏ' என்றால் தானியங்கி. இரண்டாவது எழுத்து 'டபிள்யூ' என்றால் பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன்.

சிசிலியில் சின்ன வகையில் ஃபியட் பாண்டா கிடைக்க நிறைய வாய்ப்பு. நீளம் 3.65 மீட்டர், டிக்கி 225 லிட்டர். எரிச்சே போன்ற மலையூர்ச் சந்துக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை. ஆனால் குழந்தை இருக்கையைப் பொருத்திய பிறகு பின்னால் இரண்டு பெரியவர்கள் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். டிக்கியில் விமானக் கைப்பெட்டி மூன்று வைத்தாலே அடைத்துவிடும். உங்களுக்கு 'சி டபிள்யூ எம் ஆர்' சரி, காம்பாக்ட் அளவில் வேகன். ஒன்பது இருக்கை வேன் வேண்டாம். பழைய நகரங்களுக்கு அருகில் நிறுத்தவே முடியாது.

மேசையில் "உங்கள் வகை தீர்ந்துவிட்டது, பெரியது தருகிறோம்" என்றால் கூடுதல் பணம் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். அவர்களிடம் இல்லாததால் தரும் மேம்பாட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

உப்புக்காற்று · ஏப்ரல் 7

பையனுக்கு மூன்று வயது என்றீர்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. இத்தாலியில் 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தனி இருக்கை கட்டாயம். அதோடு நாலு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், வண்டியில் குழந்தையை மறந்து இறங்கினால் எச்சரிக்கும் கருவியும் இருக்க வேண்டும். 2019 நவம்பரில் வந்த விதி, 2020 மார்ச் முதல் அபராதம். இத்தாலியில் பதிவான வண்டிகளுக்கு இது பொருந்தும், உங்கள் வாடகைக் காரும் அதில் அடக்கம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் குழந்தைகள் இறந்ததால் கொண்டுவந்த சட்டம் இது. மே கடைசியில் அங்கே வெயில் ஏறிவிடும், அதனால் வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கருவி சின்னதுதான். இருக்கைத் துணிக்கு அடியில் வைக்கும் மெத்தை அல்லது பட்டையில் மாட்டும் கொக்கி. கைபேசியோடு புளூடூத்தில் இணையும். இருக்கையை மேசையில் வாடகைக்கு எடுத்தால் "கருவியோடு வருமா" என்று எழுத்தில் கேளுங்கள். நாலு நாளைக்கு இருக்கை வாடகை புது இருக்கையின் விலையையே தொட்டுவிடும். பல விமான நிறுவனங்கள் குழந்தை இருக்கையைக் கட்டணமின்றி ஏற்றுகின்றன, வீட்டில் இருப்பதையே கொண்டுபோங்கள். கனமான பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள், இறக்கும்போது தூக்கி எறிவார்கள்.

உப்புக்காற்று · ஏப்ரல் 9

வண்டியைக் கையில் வாங்கும் நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பணம் போவது இங்கேதான்.

இரவு பதினொரு மணிக்கு நிறுத்தகத்தில் விளக்கு மங்கலாக இருக்கும். கீறலை நேரே பார்த்தால் தெரியாது. கைபேசி டார்ச்சைக் கதவோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, முன்னாலிருந்து பின்னால் மெதுவாக நகர்த்துங்கள். கீறல் வெள்ளைக் கோடாக எழும், ஒடுக்கு நிழலாக விழும். நாலு பக்கம் நடந்து ஒரே வீடியோ, இடையில் நிறுத்தாமல். தொடக்கத்தில் எண்பலகையைக் காட்டுங்கள்.

பிறகு தனித்தனிப் படம்: நாலு சக்கர விளிம்பும் கிட்டத்தில், வளையத்தில் கல் உரசிய இடம் தெரிய. டயரின் பக்கவாட்டில் வெட்டோ புடைப்போ. முன் பம்பரின் அடி உதடு, இதற்குக் குனிய வேண்டும். முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, ஓட்டுநர் பக்கமும் வைப்பர் மறைக்கும் கீழ்ப்பகுதியும். கூரை. பின் கதவின் உதட்டில் பெட்டி இழுத்த கீறல். கடைசியாக இஞ்சினை ஓடவிட்டு எரிபொருள் முள்ளும் கிலோமீட்டரும் ஒரே படத்தில்.

தாளில் இருக்கும் வண்டி ஓவியத்தில் இல்லாத கீறலைப் பார்த்தால், வண்டியை நகர்த்தும் முன் மேசைக்குத் திரும்பிப் போய் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "சின்னது, பரவாயில்லை" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், வண்டியைத் திரும்ப வாங்குபவர் வேறொருவராக இருப்பார். மேசை மூடிவிட்டால் அந்த நிமிடமே படங்களை நிறுவன மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், நேரம் பதிவாகிவிடும்.

உள்ளே பார்க்க வேண்டியவை: எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் சட்டை, பதிவுப் புத்தகம், விபத்துப் படிவம். உபரிச் சக்கரம் பல வண்டிகளில் கிடையாது, பசையும் காற்றடிப்பானும் கொண்ட பெட்டிதான். அது இருக்கிறதா, பசைக் குப்பி ஏற்கெனவே பயன்படுத்தியதா என்று பாருங்கள்.

உப்புக்காற்று · ஏப்ரல் 9, தொடர்ச்சி

காற்று. இதைத் தனியாக எழுத வேண்டும்.

பிர்ஜி நிலையம் கடலோரத்துத் தட்டைவெளியில், உப்பளங்களுக்கும் ஸ்தன்யோனே கடற்கழிக்கும் பக்கத்தில் இருக்கிறது. காற்றாலைகளை நம்பி உப்பு எடுத்த ஊர், இப்போது கைட் சர்ஃபிங்காரர்கள் தேடி வரும் இடம். காற்றின் பலத்துக்கு வேறு சான்று வேண்டாம். காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், கதவு கையை விட்டுப் பறந்து கீல் வளையும், முன் தகடும் மடங்கும். இதைக் 'கவனக்குறைவு' என்று எழுதிக் காப்பீட்டுக்கு வெளியே தள்ளுவார்கள். வண்டியின் மூக்கு காற்றை எதிர்கொள்ளும்படி நிறுத்துங்கள். அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: ஒரு கை பிடியில், மறு கை கதவின் மேல் விளிம்பில்.

கடலோரத்தில் இரவு முழுவதும் நின்ற வண்டியின் கண்ணாடியில் உப்பு படலமாகப் படியும். சிரோக்கோ என்ற பாலைவனக் காற்று அடித்தால் ஆப்பிரிக்க மணலும் சேரும். வறண்ட கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி கோடு விழும். முதலில் நீர் பீய்ச்சி, அரை நிமிடம் ஊறவிட்டு, பிறகு வைப்பர்.

ரைன்நதி · ஏப்ரல் 11

அப்பா எரிச்சே பத்தியே பேசிட்டு இருக்கார். மேல வண்டியிலேயே போயிடலாமா? அப்புறம் ஸிங்காரோ காப்பகத்துக்கு ஸ்கொபெல்லோ பக்கம் நுழைஞ்சு சான் வீதோ பக்கம் வெளிய வந்தா ஒரே ரூட்ல முடிஞ்சுடும்ல?

உப்புக்காற்று · ஏப்ரல் 11

ஸிங்காரோவுக்குள் சாலையே இல்லை. கடலோரமாக ஏழு கிலோமீட்டர் நடைபாதை மட்டும். போடத் தொடங்கிய கடற்கரைச் சாலையை எதிர்த்து 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கானோர் அங்கே நடந்தார்கள். சாலை நின்றது, 1981இல் அது சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமானது. அந்தக் கடல் இன்றும் அப்படியே இருப்பதற்கு அந்த நடைதான் காரணம். ஆகவே வண்டியை எந்த வாயிலில் விட்டீர்களோ அங்கேயே திரும்ப வேண்டும். இன்னொரு வாயிலுக்கு மலையைச் சுற்றித்தான் போக முடியும், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் மூன்று வயதுப் பையனும் இருப்பதால் ஒரு வாயில் வழியாக முதல் சிறு கடற்கரை வரை போய்த் திரும்புவது போதும். காலை ஒன்பதுக்குள் போனால் வண்டி நிறுத்த நிழலும் கிடைக்கும். உள்ளே கடை கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சே சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியில் போகலாம், ஆனால் கோட்டைவாயிலுக்கு உள்ளே போகக் கூடாது. போர்த்தா த்ராபானி வாயிலுக்கு வெளியே நீலக் கோட்டில் நிறுத்துங்கள். த்ராபானியிலிருந்து நேரே ஏறும் சாலை கொண்டையூசி வளைவாகவே இருக்கும். வால்தெரிச்சே பக்கத்துச் சாலை மென்மையானது, பின்னால் உட்காருபவர்களுக்கு வயிறு புரட்டாது. கேபிள் காரும் உண்டு, பத்து நிமிடப் பயணம். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குக் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கீழே வெயில் கொளுத்தும்போதே மேலே திடீரென்று மேகம் இறங்கிப் பத்தடி தெரியாது. ஊர்க்காரர்கள் அதை 'வீனஸின் முத்தம்' என்கிறார்கள். பனிவிளக்குச் சுவிட்ச் எங்கே என்று கீழேயே தேடிவையுங்கள்.

உப்புக்காற்று · ஏப்ரல் 12

கோட்டைவாயில் என்றதும் இசட்.டி.எல். பற்றிச் சொல்ல வேண்டும். பழைய நகரங்களின் நடுப்பகுதியில் அனுமதி பெற்ற வண்டி மட்டும் போகலாம் என்ற எல்லை அது. த்ராபானி, மார்சாலா, எரிச்சே, பலெர்மோ எல்லாவற்றிலும் உண்டு. வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, கீழே நேர அட்டவணை. மின்பலகையில் 'வார்கோ ஆத்தீவோ' என்று எரிந்தால் கேமரா விழித்திருக்கிறது, நுழையக் கூடாது. 'வார்கோ நொன் ஆத்தீவோ' என்றால் போகலாம். பலர் தப்பாகப் படிப்பது இதைத்தான், 'ஆத்தீவோ' என்பதைத் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கைபேசி வழிகாட்டி இதைப் பார்க்காமல் உள்ளே இழுத்துவிடும். ஹோட்டல் எல்லைக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்கூட்டியே அவர்களிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வண்டி எண் விமான நிலையத்தில்தான் தெரியும், அந்த நிமிடமே அனுப்புங்கள்.

அபராதம் வர 90 நாள் ஆகும். ஒவ்வொரு முறை கேமராவைக் கடந்ததும் தனித்தனி அபராதம்.

வண்டி நிறுத்தும் கோடுகள்: வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் உள்ளூர்க்காரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியது. பல கட்டண இயந்திரங்கள் வண்டி எண்ணைக் கேட்கும், எண்பலகைப் படம் கையில் இருக்கட்டும்.

உப்புக்காற்று · ஏப்ரல் 13

90 நாள் என்று எழுதியது தவறு. அது இத்தாலியில் வசிப்பவருக்கு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப 360 நாள் அவகாசம், ஓட்டியவர் யார் என்று தெரிந்த நாளிலிருந்து. அதனால் நடப்பது இது: முதலில் வாடகை நிறுவனம் உங்கள் அட்டையில் ஒரு தொகையை எடுக்கும். அது அபராதம் இல்லை, உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கையாளும் கட்டணம். ஒப்பந்தத்தில் சிறு எழுத்தில் இருக்கும். அபராதத் தாள் பல மாதம் கழித்துத் தனியாக வரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து "ஏற்கெனவே கட்டிவிட்டேன்" என்று விட்டுவிடாதீர்கள். தாள் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்.

வேக எல்லை: ஊருக்குள் 50, வெளியே 90, பிரதான இரட்டைச் சாலையில் 110, நெடுஞ்சாலையில் 130. மழை பெய்தால் 130 என்பது 110 ஆகும். ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் 2024 டிசம்பரிலிருந்து அபராதம் 250 யூரோவில் தொடங்குகிறது, உரிமத்தையும் நிறுத்திவைப்பார்கள். கைபேசித் தாங்கி ஒன்று ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

உப்புக்காற்று · ஏப்ரல் 15

சுற்றுப்பாதை. முதல் நாள் மேற்கே தங்கிவிடுங்கள்: நிலையத்திலிருந்து மார்சாலா வரை கடற்கழியை ஒட்டிப் போகும் சின்னச் சாலை, உப்பளம், காற்றாலை, மோட்ஸியா தீவுக்குப் படகு. பினீசியர்கள் இருந்த தீவு, சில நிமிடப் பயணம்தான். அந்தச் சாலையின் ஓரம் இளகிய மண், எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிடுங்கள், ஓரத்தில் இறங்காதீர்கள். மாலை வெயிலில் உப்புக் குவியல் சிவக்கும். மே கடைசியில் எட்டேகால் வரை வெளிச்சம் இருக்கும்.

செஜெஸ்தாவுக்கு ஏ29 நெடுஞ்சாலையின் கிளைச்சாலையில் அதே பெயரில் வெளியேறும் வழி உண்டு. கூரை போடாமல் விட்ட டோரிக் கோயில், 36 தூண், கி.மு. 5ஆம் நூற்றாண்டு. மேலே அரங்கத்துக்குச் சிற்றுந்து போகிறது, அம்மா நடக்க வேண்டியதில்லை. செலினுந்தே பழைய கிரேக்க நகரத்தின் இடிபாடு, பரந்த இடம், உள்ளே மின்வண்டி கிடைக்கும். ஏ29இல் சுங்கம் கிடையாது. மேசையில் சுங்கக் கருவி வாடகைக்குத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுங்கம் இருப்பது கிழக்கே மெஸ்ஸினா பக்கம்.

அக்ரிஜெந்தோ போய் வர ஒரு முழு நாள். ஒரு பக்கமே இரண்டரை மணி நேரம் எஸ்.எஸ்.115 என்ற தேசியச் சாலையில், இடையிடையே லாரிக்குப் பின்னால். பையனுக்காகச் சொல்கிறேன், விட்டுவிட்டு செலினுந்தேயை நிதானமாகப் பாருங்கள்.

ஃபவின்யானா தீவுக்கு வண்டி வேண்டாம். பல ஒப்பந்தங்கள் சிறு தீவுகளுக்குக் கப்பலேற்றுவதைத் தடை செய்கின்றன. த்ராபானித் துறைமுகத்தில் நிறுத்திவிட்டு விரைவுப் படகில் அரை மணி நேரம்.

உப்புக்காற்று · ஏப்ரல் 15, இரவு

ஜிபெல்லீனாவை விட்டுவிட்டேன், விடக் கூடாது. 1968 ஜனவரி நிலநடுக்கத்தில் பெலிச்சே பள்ளத்தாக்கின் ஊர்கள் அழிந்தன. பழைய ஜிபெல்லீனாவின் இடிபாட்டின்மேல் அல்பெர்த்தோ பூர்ரி என்ற ஓவியர் வெள்ளைச் சிமென்டை ஊர் அளவுக்கு விரித்து, பழைய தெருக்கள் போன வழியைப் பிளவுகளாக விட்டார். 1980களில் தொடங்கியது, 2015இல்தான் முழுமையானது. அந்தப் பிளவுகளுக்குள் நடக்கும்போது சுவர் தோளுயரம் வரும்.

அங்கே போகும் மாகாணச் சாலைகளின் கீழே களிமண் நகர்கிறது. 'ஃப்ரானா' (மண்சரிவு) என்ற பலகை தெரிந்தால் சாலையின் பாதி சரிந்திருக்கும், அல்லது தார் அலை அலையாக மடிந்திருக்கும். 30இல் போங்கள். வண்டியின் அடி தட்டுவது இங்கேதான், அடிப்பாகம் நிறுவனத்தின் அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். புதிய ஜிபெல்லீனாவும் பழையதும் வேறு வேறு, சாலை வழியாகச் சுமார் இருபது கிலோமீட்டர் இடைவெளி. வழிகாட்டியில் பூர்ரியின் படைப்புக்குப் பெயரான 'கிரெத்தோ' என்று தேடுங்கள், ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். மழைக்கு மறுநாள் போக வேண்டாம்.

ரைன்நதி · ஏப்ரல் 16

அக்ரிஜெந்தோ எட்னா ரெண்டும் அடிச்சாச்சு. வேகன் மாத்திட்டேன். திரும்பி வர விமானம் காலை 6:40.

உப்புக்காற்று · ஏப்ரல் 16

6:40 என்றால் மேசை திறந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் பெட்டியில் போட வேண்டும்.

எரிபொருளை முந்தின மாலையே த்ராபானியிலோ மார்சாலாவிலோ நிரப்புங்கள், கடைசி நிமிடத்துக்கு வைக்காதீர்கள். பங்க்கில் இரண்டு விலை இருக்கும்: 'செல்ஃப்' என்பது நாமே ஊற்றுவது, 'செர்வீதோ' என்பது ஆள் ஊற்றுவது, விலை கூட. ஆள் இல்லாத நேரத்தில் இயந்திரத்தில் நோட்டைப் போட்டு, பம்ப் எண்ணை அழுத்தி, பிறகு ஊற்ற வேண்டும். மீதி தராது. பத்து யூரோவுக்கு இடம் இருக்கும் தொட்டிக்கு ஐம்பது போட்டால், மிச்சத்துக்கு ஒரு சீட்டுதான் வரும். சின்ன நோட்டு வைத்திருங்கள். அட்டை போட்டால் பெரிய தொகையைப் பிடித்து வைத்துச் சில நாளில் விடும். 'பென்சீனா' பெட்ரோல், 'கஸோலியோ' டீசல். மூடியின் உள்பக்கம் வட்டக் குறி என்றால் பெட்ரோல், சதுரம் என்றால் டீசல், பம்ப்பிலும் அதே குறி இருக்கும். தவறிப்போய் மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் உதவிக்கு அழைப்பதே நல்லது. இஞ்சின் ஓடாதவரை தொட்டியை மட்டும் கழுவினால் போதும்.

மோதல் ஏதும் நடந்தால் 112. காயம் இல்லையென்றாலும் எதிர்வண்டிக்காரரோடு விபத்துப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள், அது இல்லாமல் இடைத்தரகர் காப்பீடு நகராது. வண்டி நின்றுவிட்டால் ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு முதலில் அழையுங்கள். நீங்களாக இழுவை வண்டி கூப்பிட்டால் அந்தச் செலவு உங்களுடையது.

உப்புக்காற்று · ஏப்ரல் 17

சாவிப்பெட்டி பற்றி ஒன்று விட்டுப்போனது. சாவியைப் போட்டாலும் பல ஒப்பந்தங்களில் மேசை திறந்து வண்டியைப் பார்க்கும் வரை பொறுப்பு உங்களுடையதுதான். அதனால் எடுத்த நாளின் அதே வரிசையில் வீடியோ எடுங்கள், அதே டார்ச் வேலையோடு. எரிபொருள் முள், கிலோமீட்டர், பங்க் ரசீதை வண்டியின் முன்பலகைமேல் வைத்து ஒரு படம். நிறுத்திய இடத்தின் எண் தெரியும்படி ஒன்று. சாவி துவாரத்துக்குள் விழும் கணம் ஒன்று. படங்களை ஆறு மாதமாவது அழிக்காதீர்கள், அபராத வழக்கு ஏதும் வந்தால் வண்டி எந்த நேரம் எங்கே நின்றது என்று காட்ட அவைதான் இருக்கும்.

குழந்தை இருக்கையைப் பின்சீட்டில் மறந்துவிட்டு வராதீர்கள். பெட்டிக்குள் போன சாவி திரும்ப வராது.